குளத்துப் பங்காளி

இவ்வாரம் என் மனத்தைப் பெரிதும் நோகச் செய்தது, ஒரு தினசரியின் இல்லப் பகுதியில் வெளிவந்த சிறு குறிப்பு. தோட்டத்தில் தொட்டி கட்டி வண்ண மீன் வளர்ப்போர், கொக்கும் மீன்கொத்தியும் அவற்றைக் கவர்ந்து செல்லாதவாறு மெல்லிய நைலான் வலையைத் தொட்டியின்மேல் தளரப் போர்த்திவிட வேண்டுமென்று அது உபதேசிக்கிறது. நைலான் இழையின்மேல் எனக்குள்ள துவேஷம் இப்பத்தியைத் தொடர்ந்து வாசிப்போர் அறிந்ததே. காய்கறிப் பந்தலின் வலையில் சிக்கி மாண்ட சாரைப்பாம்பைப் பற்றி எழுதியதை அவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கண்ணுக்குப் புலப்படாமல் தளர்ந்து கிடக்கும் வலையில் காலோ சிறகோ மாட்டிக்கொண்ட பறவை, விடுபட முயலும்தோறும் இழை இறுகி, வெயிலில் துடித்துச் சாகிறது. விஷமற்ற நீர்க்கோலிக்கும் அதே கதிதான். மேலே மூடித்தான் ஆகவேண்டுமென்றால், பறவையின் கண்ணுக்கு நன்கு தெரியும்படி இரும்புக் கம்பி வலையைச் சட்டத்தில் விறைப்பாக அடித்துப் போடலாம். பூனைக்கும் அது தடையாகும்.

உண்மையில் அதுவும் அவசியமன்று. மடையான் என்று நாம் வழங்கும் குளத்துக் கொக்கு, ஆழமற்ற நீரில் கால் ஊன்றியோ கரையில் அசைவற்று நின்றோ கழுத்தை நீட்டிக் கொத்தும் இயல்புடையதாதலின், தொட்டியின் சுவர் சரிவின்றிச் செங்குத்தாக இறங்கி, நீர்மட்டம் விளிம்புக்கு ஒரு முழம் தாழ்ந்து, ஆழமும் மூன்றடிக்குக் குறையாதிருக்குமானால், அதற்கு அங்கே நிற்கவும் இடமில்லை, எட்டவும் வழியில்லை. மீன்கொத்தியோ உயர்ந்த இடத்தில் அமர்ந்து குறிபார்த்துப் பாய்வது. தொட்டிக்கு மேலாக நீளும் கிளையையும் துணிக்கொடியையும் அகற்றி, நீர்ப்பரப்பில் பாதியை அல்லி இலையால் மூடி, அடியில் உடைந்த மண்குழாய்களைக் கிடத்தி வைத்தால், மீன்களுக்கு ஒளிய இடம் கிடைத்துவிடும். இவ்வளவும் செய்த பின்னர் ஒரு மீன் போனால் போகட்டும் என்பதே என் அபிப்பிராயம். உட்கார்ந்திருக்கையில் சேற்றின் நிறமாய்க் கிடந்து, எழும்பிய கணத்தில் தூய வெண்சிறகு விரிக்கும் அப்பறவையின் சௌந்தர்யத்துக்கு அது அதிக விலையன்று.

மடையானைக் குறித்து எழுதத் தொடங்கியதும் என் சிந்தை வேடந்தாங்கலுக்குச் சென்றுவிட்டது. அங்கிருந்து திரும்ப மனமில்லை. மதுராந்தகத்துக்கு அணித்தே சுமார் 74 ஏக்கர் பரப்புள்ள அவ்வேரி வடகிழக்குப் பருவமழையில் நிரம்பியதும், நீருக்குள் நிற்கும் கடம்ப மரங்களில் நத்தைகுத்தி நாரையும் வக்காவும் நீர்க்காகமும் பாம்புத்தாராவும் அரிவாள்மூக்கனும் கூடுகட்டிக் குஞ்சு பொரிக்கின்றன. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் அங்கு வந்து பறவைகளைச் சுட்டு வீழ்த்தியபோது, அவ்வூர்க் குடியானவர்கள் கலெக்டர் லயனல் பிளேசிடம் முறையிட்டு, அவற்றைக் காக்கும் உரிமையைத் தங்களுக்கு வழங்கும் கவுல் ஒன்றை 1798-ல் பெற்றார்கள். 1858-ல் மற்றொரு கலெக்டரின் உத்தரவு அதனை உறுதி செய்தது.

கருணை மட்டும் அவர்களைக் கச்சேரிப் படியேறச் செய்யவில்லை. சுற்றுவட்டாரத்து ஏரிகளிலும் வயல்களிலும் மீனும் நத்தையும் தவளையும் தின்று மரத்துக்குத் திரும்பும் ஆயிரக்கணக்கான பறவைகளின் எச்சம் ஏரியில் விழ, தழைச்சத்தும் மணிச்சத்தும் கரைந்த அந்நீர் மடை திறந்து கழனிக்குப் பாயும்போது, எருவுக்கென்று தனியே செலவிட வேண்டிய பணம் குறைகிறது. மீன் தின்னும் பறவையைத் திருடனென்று துரத்தாமல், தின்றதை நிலத்துக்குத் திருப்பித் தரும் பங்காளியென்று கண்டுகொண்ட அறிவு, உரச் சாத்திரம் எதையும் கற்றிராத ஏருழவர்களுக்கு இருந்தது. பறவைகளைக் காக்கும் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் தேசத்துக்கு 1972-ல்தான் வந்தது. வேடந்தாங்கல் குடிகள் அதற்கு 174 ஆண்டுகள் முந்தியவர்கள்.

சிவகங்கைச் சீமையில், வேட்டங்குடிக் கண்மாய்ப் பக்கத்துக் கொள்ளுகுடிப்பட்டியில், கூட்டிலிருக்கும் பறவைகள் அஞ்சிப் பறந்துவிடக்கூடாதென்று தீபாவளிக்கும் வெடி வெடிப்பதில்லை. பண்டிகை நாளில் பிள்ளைகளை அவ்வூர்ப் பெரியவர்கள் என்ன சொல்லிச் சம்மதிக்க வைக்கிறார்கள் என்பதை நேரில் கேட்டறிய எனக்கு நெடுநாளாக ஆசை. மழை பெய்து கண்மாய் நிரம்பியதும் அங்கு செல்வேன். கேட்டதை அந்த வாரமே எழுதுகிறேன்.