ரயில் போன வழியில் சைக்கிள்

சகோதரிகளே, வீட்டில் உல்லாசப் பிரயாணம் என்று பேச்சு எழுந்தவுடனேயே நமக்கென்று ஓர் உத்தியோகம் தயாராகிவிடும். விடியற்காலையில் எழுந்து கட்டுச்சாதம் தயாரிக்க வேண்டும். போன இடத்தில் மற்றவர்கள் ஓடி ஆடும்போது, மரத்தடியில் மூட்டைகளுக்குக் காவல் இருக்க வேண்டும். இந்த வாரம் நான் சொல்லப்போகும் பிரயாணத்தில் அந்தக் காவல் உத்தியோகம் இல்லை. புறப்படும் இடம் ஒன்று. முடியும் இடம் அதிலிருந்து 15 மைல். நடுவில் மூட்டையோடு உட்கார்ந்திருக்க யாருக்கும் வழியில்லை!

பெண்ணோ பிள்ளையோ அமெரிக்காவில் இருந்து, ஒரு கோடையில் நீங்களும் அங்கே தங்க நேர்ந்தால், இதை நினைவில் வையுங்கள். மான்டானா, ஐடஹோ என்ற இரு ராஜ்யங்களின் எல்லையில், பிட்டர்ரூட் மலைகளில் 'ஹையவாதா பாதை' இருக்கிறது. ஒரு காலத்தில் மில்வாக்கி ரோடு என்ற ரயில் கம்பெனியின் வண்டிகள் இதில் ஓடின. 1980-ல் அந்தப் போக்குவரத்து நின்றுபோயிற்று. பிறகு தண்டவாளங்களைப் பெயர்த்துவிட்டு, 1998-ல் சைக்கிள்காரர்களுக்குத் திறந்துவிட்டார்கள். வழியில் 10 சுரங்கங்கள், 7 பெரிய பாலங்கள். அவற்றில் ஒன்று பள்ளத்துக்கு மேல் 230 அடி உயரத்தில் நிற்கிறது.

"மலையில் சைக்கிளா? கல்யாணத்துக்குப் பிறகு தொட்டதே இல்லையே!" என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. மலைதான், ஆனால் ரயில் போன மலை. இரும்புத் தண்டவாளத்தில் இரும்புச் சக்கரம் செங்குத்தாக ஏறாது, வழுக்கிவிடும். ஆகவே பாதை போட்டவர்கள் மலையைச் சுற்றிச் சுற்றி, 100 அடிக்கு 2 அடிகூட இறங்காதபடி போட்டிருக்கிறார்கள். கிழக்கிலிருந்து புறப்பட்டால் 15 மைலில் சுமார் 1,000 அடி இறக்கம். பெரும்பாலும் பெடலைச் சும்மா மிதித்தாலே போதும். ஆனாலும் போவதற்கு ஒரு மாதம் முன்பே, வீட்டுக்குப் பக்கத்திலுள்ள பூங்காவில் தினம் அரை மணி ஓட்டிப் பாருங்கள். பிரேக்கை மெள்ளப் பிடிக்கக் கை பழக வேண்டும். நல்ல ஸீட்டும் அவசியம். 15 மைலுக்குப் பிறகு அதன் அருமை தெரியும்.

இனி ஏற்பாடுகள். பாதை மே மாதக் கடைசியிலிருந்து செப்டம்பர் நடுப்பகுதி வரையில்தான் திறந்திருக்கும். அந்தந்த வருஷத்துத் தேதியை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். லுக்அவுட் கணவாயில் சைக்கிள், ஹெல்மெட், விளக்கு எல்லாம் வாடகைக்குக் கிடைக்கும். பாதைக்கும் டிக்கெட் உண்டு. திரும்பி வரும் பஸ்ஸுக்கும் டிக்கெட் உண்டு. இரண்டையும் முன்னதாகவே வாங்கிவிடுங்கள். கடைசி பஸ்ஸைத் தவறவிட்டால் அந்த 15 மைலும் மேட்டில் மிதிக்க வேண்டியதுதான்!

இன்னொரு விசித்திரம். மான்டானாவுக்கும் ஐடஹோவின் அந்தப் பகுதிக்கும் கடிகாரத்தில் ஒரு மணி வித்தியாசம். டிக்கெட்டில் உள்ள நேரம் எந்தப் பக்கத்து நேரம் என்று கேட்டுக்கொண்டு, வீட்டார் எல்லோருடைய கடிகாரத்தையும் ஒன்றாக வைத்துக்கொள்ளுங்கள்.

புறப்பட்டவுடனேயே வருவது செயின்ட் பால் கணவாய்ச் சுரங்கம். நீளம் ஒன்றரை மைலுக்கு மேல். உள்ளே ஒரே கும்மிருட்டு. மேலிருந்து தண்ணீர் சொட்டும். இரு ஓரத்திலும் கால்வாயில் ஜலம் ஓடும். வெளியே வெயில் கொளுத்தினாலும் உள்ளே மார்கழிக் குளிரை மிஞ்சும். சுமார் 8 டிகிரிதான். ஸ்வெட்டரைப் பையின் அடியில் வைக்காமல் உடம்பிலேயே போட்டுக்கொள்ளுங்கள். ஹெல்மெட்டும் விளக்கும் இல்லாமல் போக அனுமதி இல்லை. புடைவையும் தொங்கும் துப்பட்டாவும் சக்கரத்துக்குச் சத்துரு. கணுக்கால் பிடிக்கும் உடையே உசிதம்.

முதலில் சுரங்கத்தைத் தாண்டியதும் "அப்பாடா" என்று விளக்கைப் பெட்டியில் பூட்டிவிடாதீர்கள். பஸ் உங்களைப் பாதையின் மேற்குக் கோடியான பியர்ஸனிலிருந்து ரோலண்டு என்ற இடத்தில்தான் இறக்கிவிடும். அது சுரங்கத்தின் மறுவாய். காரை நிறுத்திய இடத்துக்கு வர, அதே இருட்டில் இன்னொரு தடவை புகுந்தாக வேண்டும். குழந்தைகள் களைத்திருக்கும் நேரம் அது. விளக்கின் உயிரும், கொஞ்சம் பிஸ்கட்டும் அதற்கென்று மிச்சம் இருக்கட்டும்.

அந்தச் சுரங்கங்களைப் பற்றிக் குழந்தைகளுக்கு ஒரு விஷயம் சொல்லுங்கள். 1910 ஆகஸ்டில் இந்த மலைகளில் பெருங்காட்டுத் தீ மூண்டது. 2 நாளில் 30 லட்சம் ஏக்கர் எரிந்தது. 80-க்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். எல்லாப் பக்கமும் நெருப்பு சூழ்ந்தபோது, ரயில்காரர்கள் ஜனங்களை வண்டியில் ஏற்றி, எரியும் பாலங்களின் மேல் ஓட்டிச் சுரங்கங்களுக்குள் கொண்டுபோய்க் காப்பாற்றினார்கள். இருட்டைக் கண்டு அழும் குழந்தை, அந்த இருட்டு எத்தனை பேருக்கு அடைக்கலம் தந்தது என்று கேட்டால் கொஞ்சம் நிமிர்ந்து உட்காரும்.

சாப்பாடு சுலபமாக இருக்கட்டும். சப்பாத்திச் சுருள், எலுமிச்சை சாதம், பழம். ஆளுக்கு இரண்டு புட்டி தண்ணீர். வழியில் ஹோட்டல் கிடையாது. கரடிகள் உலாவும் காடு என்பதால் மிச்சத்தை எறியாமல் திரும்ப எடுத்து வாருங்கள்.

கடைசியாக, முக்கியமான யோசனை ஒன்று. திட்டத்தை வீட்டில் வேகமாக ஓட்டுகிறவருக்காகப் போடாதீர்கள். மெதுவாக ஓட்டுகிறவருக்காகப் போடுங்கள். அநேகமாக அது நாமாகத்தான் இருப்போம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மெதுவாகப் போகிறவர் முன்னே போகட்டும். வேகக்காரர் பின்னே வரட்டும். அப்போது யாரும் இருட்டில் தனியே விடப்பட மாட்டார்கள். சாப்பாட்டுப் பையையும் ஆளுக்கொன்றாய் முதல் நாள் இரவே பங்கிட்டுவிடுங்கள். "அம்மா எடுத்து வருவாள்" என்ற பேச்சு அந்த ஒரு நாளாவது வீட்டில் எழாமல் இருக்கட்டும்!