பொறியின் எழுத்திலக்கணம்

தமிழ் இலக்கணம் கற்பார் முதற்கண் கற்பது எழுத்து. தொல்காப்பியர் தம் நூலை எழுத்து, சொல், பொருள் என மூன்று அதிகாரங்களாக வகுத்தார். நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவரும் எழுத்ததிகாரத்தையே முன் வைத்தார். பெருந்துறையை அடுத்த சீனாபுரமே அம்முனிவரின் ஊர் என்று கொங்கு நாட்டார் பெருமையுடன் கூறுவர். பொருளை உணர்வதே கல்வியின் பயனாயின், எழுத்தின் பிறப்பையும் அளவையும் ஏன் கற்றல் வேண்டும்? கல் என்பதற்கும் கால் என்பதற்கும் உள்ள வேறுபாடு ஒரு மாத்திரையே. அவ்வொரு மாத்திரை பிழைத்தால் பொருள் முழுவதும் பிழைபடும். அடி திருந்தினால் அன்றி முடி திருந்தாது. இவ்வுண்மை மொழிக்கு மட்டும் உரியதன்று. மனிதன் படைத்த பொறிகளுக்கும் உரியது என்பது என் துணிபு. மோடம் என்னும் சிறு கருவியின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

தொலைபேசிக் கம்பி மனிதர் பேச்சைச் சுமப்பதற்கென அமைந்தது. கணிப்பொறியோ ஒன்று, சுழி என்னும் இரண்டு குறிகளையே அறியும். ஒவ்வொரு குறியையும் பிட் என்பர். அக்குறிகளை ஒலியாக மாற்றிக் கம்பியில் ஏற்றுவதும், மறுமுனையில் ஒலியினின்று மீண்டும் குறிகளாக இறக்குவதும் மோடத்தின் பணி. 1962ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளிவந்த பெல் 103 என்னும் மோடம் வினாடிக்கு 300 பிட்டுகளை அனுப்பியது. அழைப்பவர் பக்கத்தில் ஒன்றுக்கு வினாடிக்கு 1270 அதிர்வுகள், சுழிக்கு 1070. விடையளிப்பவர் பக்கத்தில் ஒன்றுக்கு 2225, சுழிக்கு 2025. இங்ஙனம் இருவருக்கும் வெவ்வேறு சுருதி வகுத்தமையால், ஒரே கம்பியில் இருவரும் ஒரே நேரத்தில் பேசியும் குழப்பம் நேரவில்லை.

1980ஐ ஒட்டிய ஆண்டுகளில் சிறு கணிப்பொறிகள் மேலைநாட்டு இல்லங்களுக்குள் புகுந்தன. அவற்றுள் 1982இல் வெளிவந்த காமடோர் 64 பெரும்புகழ் பெற்றது. பிட்டுகளை வரிசையாக அனுப்பவும் பெறவும் தனிச்சில்லு ஒன்று அதில் இல்லை. அப்பணி முழுவதையும் நிரலே செய்தது. அப்பொறியின் இதயம் வினாடிக்கு ஏறத்தாழப் பத்து இலட்சம் முறை துடிக்கும். வினாடிக்கு 300 பிட் என்றால், ஒரு பிட்டுக்கு ஏறத்தாழ 3,300 துடிப்புகள் கிடைக்கும். ஓர் எழுத்துக்கு முன்னே ஒரு தொடக்கப் பிட்டும், நடுவே எட்டுப் பிட்டுகளும், ஈற்றில் ஒரு முடிவுப் பிட்டும் வரும். தொடக்கத்தைக் கண்டவுடன் நிரல் அரைப் பிட் நேரம் பொறுத்து, அதன் பின்னர் ஒவ்வொரு பிட்டின் நடுவிலும் கம்பியின் நிலையைப் பார்த்துக் குறித்துக் கொள்ளும். ஒவ்வொரு பிட்டுக்கும் இருபதில் ஒரு பங்கு நேரம் பிசகினால், பத்தாம் பிட் வருவதற்குள் பிழை ஏறத்தாழ அரைப் பிட் ஆகிவிடும். ஆங்கிலத்தின் முதல் எழுத்துக்குரிய எண் 65; மூன்றாம் எழுத்துக்குரிய எண் 67. இரண்டிற்கும் வேற்றுமை ஒரே ஒரு பிட். கல் கால் ஆவதற்கு ஒரு மாத்திரை போதியதாதல் போல, இங்கு ஒரு பிட் போதும்.

இவ்வளவோடு அந்நிரலின் கடமை முடிந்துவிடவில்லை. சில மோடங்களில் தொலைபேசி எண்ணைச் சுழற்றும் வேலையையும் அதுவே ஏற்றது. ஐந்து என்னும் இலக்கத்துக்குக் கம்பியின் தொடர்பை ஐந்து முறை துண்டித்து இணைத்தல் வேண்டும். சுழிக்குப் பத்து முறை. வினாடிக்குப் பத்துத் துண்டிப்பு என்பது அளவு. இலக்கத்துக்கும் இலக்கத்துக்கும் இடையே சிறிது ஓய்வு வேண்டும். அஃது இன்றேல் இரண்டும் மூன்றும் சேர்ந்து ஐந்தாகிவிடும். மறுமுனையின் ஒலி கேட்கிறதா என்று காத்திருத்தலும், கேளாதொழிந்தால் கைவிடுதலும், பேச்சு முடிந்தபின் மறவாது தொடர்பை அறுத்தலும் அதன் கடமைகளே. அறுக்க மறந்தால் தொலைபேசிக் கட்டணம் ஏறிக்கொண்டே இருக்கும்.

கம்பியில் இரைச்சல் புகுந்து எழுத்தைச் சிதைப்பதும் உண்டு. அதனைத் தடுக்க, 1977ஆம் ஆண்டில் வார்டு கிறிஸ்டென்சன் என்பார் எக்ஸ்மோடம் என்னும் முறையை வகுத்தார். 128 எழுத்துகளை ஒரு கட்டாக அனுப்பி, அவற்றின் எண்களைக் கூட்டி வந்த தொகையையும் உடன் அனுப்புவர். பெறுவோர் தாமும் கூட்டிப் பார்ப்பர். தொகை ஒத்தால் பெற்றேன் என்பர். ஒவ்வாவிடில் மீண்டும் அனுப்புக என்பர். பண்டைக் காலத்தில் ஏடு எழுதினோர் மூலத்தோடு ஒப்புநோக்கிப் பிழை களைந்த செயலை ஒத்தது இது. 1981இல் ஹேய்ஸ் நிறுவனத்தின் ஸ்மார்ட்மோடம் வந்தது. கவனி என்னும் பொருளுடைய ஏ.டி. என்னும் ஈரெழுத்தை முன்வைத்து அதற்கு ஆணை இடலாம். செய்தி சென்றுகொண்டிருக்கும்போதே மோடத்துக்கு ஆணை இட வேண்டின், ஒரு வினாடி மௌனம், மூன்று கூட்டல் குறிகள், மீண்டும் ஒரு வினாடி மௌனம் என்பது விதி. அம்மௌனமே செய்தி இது, ஆணை இது எனப் பிரித்துக் காட்டிற்று.

நம் நாட்டில் 1984இல் கிளாஸ் என்னும் கல்வித் திட்டத்தின் வழியே பிபிசி மைக்ரோ என்னும் சிறு கணிப்பொறிகள் பள்ளிகள் சிலவற்றை அடைந்தன. 1986இல் எர்நெட் என்னும் கல்வி வலைப்பின்னல் முயற்சி தொடங்கியது. சென்னையிலுள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகமும் அதில் பங்கு கொண்டது. 1995 ஆகஸ்டு 15ஆம் நாள் பொதுமக்களுக்கு இணையம் திறக்கப்பட்டபோது, தொலைபேசிக் கம்பியும் மோடமுமே இல்லங்களுக்கு வாயிலாக நின்றன. இன்று அந்தக் கீச்சொலி இல்லங்களில் கேட்பதில்லை.

“அவ்வாறாயின் வழக்கொழிந்த ஒன்றை நாங்கள் ஏன் அறிய வேண்டும்? எல்லாம் ஆயத்தமாகக் கிடைக்கின்றனவே!” என்று மாணவர் வினவலாம். வினா நேரியதே. ஊர்தி ஓட்டுவோர் அனைவரும் இரும்பு உருக்கக் கற்றல் வேண்டும் என்று எவரும் சொல்லார். ஆயினும் ஓர் ஊரில் ஒருவரும் இரும்பின் இயல்பை அறியாராயின், அவ்வூரார் அயலாரின் கைபார்த்தே வாழ நேரும்.

கொங்கு நாட்டுத் தோட்டம் ஒன்றுக்குச் சென்று பாருங்கள். ஈரோட்டு மஞ்சளாயினும் பொள்ளாச்சித் தென்னையாயினும், கிணற்று மேட்டில் மோட்டாரை இயக்கும் ஸ்டார்ட்டர் பெட்டி ஒன்று இருக்கும். மும்முனை மின்சாரம் குறித்த மணிகளில் மட்டும் வந்த நாள்களில், நள்ளிரவிலும் உழவர் விளக்கேந்தித் தோட்டத்துக்கு நடந்தனர். இருளும் பாம்பும் அவர்க்கு வழித்துணை. கைப்பேசியால் மோட்டாரை இயக்கும் கருவி அவ்வல்லலை நீக்கிற்று. அக்கருவியினுள் இருப்பது யாது? கம்பியில்லா மோடம் ஒன்றும், அதனை ஆளும் சிறு நிரலுமே. அழைப்பு வந்தவுடன் மோடம் தெரிவிக்கும், நிரல் ஏ.டி. என்று தொடங்கும் ஆணையால் விடையளிக்கும். உழவர் அழுத்திய எண்ணை உணர்ந்து மோட்டாரை ஓட்டும். 1981இல் இல்லக் கணிப்பொறிக்கென எழுந்த ஆணைமொழி, நம் கிணற்று மேட்டில் இன்றும் வாழ்கின்றது! வாடும் பயிருக்கு நீர் வேண்டிய நாளில் அப்பெட்டி ஊமையானால், அம்மொழி அறிந்தவர் ஊரில் இருத்தல் வேண்டாவா? அறிந்தவர் இருப்பின் பழுது எங்கே என்று ஒரு நாழிகையில் காண்பர். இல்லையேல் பெட்டியையே வீசிவிட்டு வேறொன்று வாங்க நேரும். அது வரும்வரை பயிர் பொறுத்திராது.

கோவையின் வரலாறும் இதனையே உணர்த்தும். 1930களில் பைக்காரா மின்சாரம் வந்தபின் இந்நகரின் தொழில்கள் தழைத்தன. ஜி.டி. நாயுடு அவர்களும் டி. பாலசுந்தரம் நாயுடு அவர்களும் 1937இல் மின்மோட்டாரை உள்நாட்டிலேயே உருவாக்கினர். பிறர் செய்ததை வாங்கி ஓட்டுவதோடு அவர்கள் அமையவில்லை. அதன் உள்ளுறுப்புகளை ஆராய்ந்து, இயல்பறிந்து, தாமே செய்தனர். மோட்டாருக்கும் பம்புக்கும் கோவை பெயர்பெற்ற ஊராகியது அத்தகையோர் உழைப்பினாலேயே. தந்தையர் மோட்டாரின் சுற்றுக்கம்பியை அறிந்திருந்தனர். மக்கள் அம்மோட்டாரை ஆளும் நிரலை அறியாதிருத்தல் தகுமோ? வெளியூரார் மூடி அனுப்பும் பெட்டியை விற்பதும் வாங்குவதுமே நம் தொழில் என்றாகிவிட்டால், முன்னோர் ஈட்டிய பெயர் நெடுநாள் நில்லாது.

ஆதலின் நம் மேனிலைப் பள்ளிகளில் ஒரு சிறு கணிப்பலகையும் ஒரு மோடமும் மாணவர் கைக்கு எட்டும்படி இருத்தல் வேண்டும் என்பேன். பளபளக்கும் திரைகளைப் பழகுவதோடு நில்லாமல், ஒவ்வொரு மாணவரும் ஒரு முறையேனும் ஒரு பிட்டைத் தம் கையால் அனுப்பிப் பெறுதல் வேண்டும். வந்த எழுத்து பிழைபட்டிருப்பின், எங்கே பிழைத்தது என்று தாமே தேடுதல் வேண்டும். அத்தேடலில் கழியும் ஒரு மாலைப்பொழுது பல நாள் மனப்பாடத்தினும் பயனுடையது.

மாணவர்களே! உங்கள் கையிலுள்ள பேசியிலும் ஒரு மோடம் உண்டு. அஃது ஒவ்வொரு நொடியும் அளவறிந்து பேசுகிறது, கேட்டபின் விடையளிக்கிறது, பிழை நேர்ந்தால் மீண்டும் கேட்கிறது. அதன் எழுத்திலக்கணத்தைக் கற்றவர் பொறியை ஆள்வர். கல்லாதவரைப் பொறி ஆளும்.