விழுறதுக்கும் ஒரு கயிறு வேணும்

சுவரேறும் உலகக்கிண்ணப் பட்டியலைக் காட்டினால் நம்மட ஆக்கள் சொல்லுற பதில் ஒண்டுதான்: "அது வெள்ளைக்காரன்ட விளையாட்டு, நமக்குச் சரிவராது." இது சோம்பேறிப் பதில் என்கிறோம்.

2019ஆம் ஆண்டு லீட் பருவத்தை எடுப்போம். லீட் என்றால் கயிற்றை வழியில் தொங்கும் கொளுவிகளில் மாட்டிக்கொண்டே உயரச் சுவரில் ஏறுவது. 6 நிமிசம், ஒரே தடவை. விழுந்த இடம்தான் புள்ளி. அந்தப் பருவத்தின் ஆறு போட்டிகளில் நாலை வென்று பெண்கள் பிரிவில் முதலிடம் பிடித்தவர் தென்கொரியாவின் சோ சே-ஹ்யோன். வயது 15. அதே வருசம் போல்டரிங் உலகக்கிண்ணப் போட்டிகள் ஆறையும் அள்ளிய ஸ்லோவேனியாவின் யான்யா கார்ன்பிரெட்டே லீட்டில் அவருக்குப் பின்னாலதான்.

அதிசயமா? சோவின் தகப்பன் சியோலில் ஏறுதல் கூடம் நடத்துபவர். பிள்ளை சுவரோடயே வளர்ந்தது. கார்ன்பிரெட்டின் நாட்டில் மொத்தச் சனமே இருபது இலட்சம் சொச்சம். அங்கயும் ஒரு 'கிரான்' இருக்கு. மட்டக்களப்பு நகரை விடச் சின்ன ஊர், ஆனா உலகக்கிண்ணமே நடந்த இடம். நம்மட கிரான் பக்கம் குடும்பிமலை நிற்குது. 2007 யுத்தச் செய்திகளில் மட்டும்தான் அதை நாடு பார்த்தது.

நாம் ஏறத் தெரியாத ஆக்களும் இல்ல. வாவிக்கரையில தென்னை ஏறுறவர் தளைநாரை மட்டும் நம்பித்தான் மேல போறார். லீட் வீரர் கை நழுவினால் கயிறு பிடிக்கும், சிரிச்சிக்கொண்டு இறங்குவார். தென்னையில கை நழுவினவருக்கு முள்ளந்தண்டு போயிரும், குடும்பமும் சேர்ந்து விழும். ரெண்டு பேருக்கும் பலம் ஒண்டுதான். வித்தியாசம் கயிறு.

"சோத்துக்கே வழியில்ல, சுவர் எதுக்கு?" என்று கேட்பீங்க. சோத்துக்காக ஏறுறவருக்கும் இடுப்புப்பட்டியும் கயிறும் இல்லையே, அதுக்கு என்ன சொல்லுவீங்க?

ஒவ்வொரு வருசமும் கோட்டம், வலயம், மாகாணம் என்று விளையாட்டுப்போட்டி வைக்கிறீங்க. ஓட்டம், பாய்தல், எறிதலோட முடியுது. இந்த மாவட்டத்தில ஒரு பள்ளிக்கூடத்திலயாவது ஒரு சுவர் எழுப்புங்க. பயிற்சி தர நம்மட மரம் ஏறுறவங்களையும் சம்பளத்தோட கூப்பிடுங்க. அவங்களுக்கும் பட்டியும் கயிறும் குடுங்க.

பிள்ளைகள் முதல்ல பயமில்லாம விழட்டும். பட்டியலில நம்மட பெயரைத் தேடுறது அதுக்குப் பிறகு.