புகழ்ச்சிக்குக் கூலி

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை வட்டாரத்தில் தோல் வாங்குகிறவர் மேற்புறத்து மினுமினுப்பைப் பார்த்ததோடு நிற்பதில்லை, புரட்டியும் பார்ப்பார். உரிக்கும்போது கத்தி பட்ட வெட்டு உட்புறத்தில்தான் தெரியும்.

இந்த ஜாக்கிரதை இணையத்தில் காணொளி பார்த்துச் சாமான் வாங்குகிறவர்களுக்கும் வேண்டும். "அசல் தோல், ஆம்பூர் சரக்கு!" என்று ஒருவர் செருப்பைக் கையில் ஏந்திப் புகழ்கிறார். அந்தச் செருப்பு இனாமாக வந்ததா, புகழ்ந்ததற்குக் கூலி உண்டா? பலர் அதைச் சொல்வதில்லை. பார்ப்பவரோ, சோதித்துச் சொன்ன தீர்ப்பு என்று நம்பிப் பணத்தை அனுப்பி விடுகிறார்.

கூலி வாங்குவது தவறல்ல. கடைக்காரருக்கு விளம்பரம் வேண்டும்; காணொளி எடுப்பவருக்கும் வயிறு உண்டு. மறைப்பதுதான் தவறு. பணமோ பொருளோ பெற்றால் அதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று இந்திய விளம்பரத் தரக் கவுன்சில் 2021-லும், மத்திய அரசாங்கம் 2023-லும் விதி வகுத்தன. 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பொய் விளம்பரத்தில் பொருளைச் சிபாரிசு செய்பவருக்கும் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம்.

ஆனால், வீட்டுக்கு வீடு சட்டம் வந்து காவல் நிற்க முடியாது. ரெக்ஸினைத் தோல் என்று விற்றால், வாங்கியவருக்குப் பணம் நஷ்டம்; உழைத்துப் பேரெடுத்த ஆம்பூர்த் தொழிலாளிக்கு மானம் நஷ்டம்.

குறை ஒன்றுகூடச் சொல்லாதவரின் பேச்சை விளம்பரமாகவே கொள்வது நல்லது. ஏமாந்தவர்கள் வாய்மூடி இருக்க வேண்டியதில்லை. நுகர்வோர் உதவிக்கு 1915 என்ற தொலைபேசி எண் இருக்கிறது. தோலைப் புரட்டிப் பார்க்கும் ஊர், சொல்லையும் புரட்டிப் பார்க்கட்டும்!