நாயனம் செய்தவர் யார்?

முதுகுளத்தூர் பக்கம் கல்யாண வீட்டில் நாயனம் கேட்டால் பெரியவர்கள் உடனே திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை (1898-1956) பேச்சை எடுப்பார்கள். அவர் வாசித்த நாயனத்தைச் செய்தது யார் என்று கேட்டால் பதில் வராது. இது நியாயமா?

முன்பெல்லாம் புழங்கியது 'திமிரி' நாயனம். நீளம் குறைவு, சுருதி அதிகம். சாமி ஊர்வலத்துக்குப் பொருத்தம். மேடைக் கச்சேரியில் காதைக் குத்தும். குழலை நீட்டினால் உள்ளே காற்றுத்தம்பம் நீண்டு சுருதி இறங்கும். அப்படி வந்ததுதான் 'பாரி' நாயனம். ஆனால் நீட்டினால் மட்டும் போதாது, துளைகளின் கணக்கும் சரியாக வேண்டும். சுத்த மத்யமம் சரியாகப் பேசாமல் படுத்தியது. அதைத் தீர்த்தவர் நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி, 1955-ல்.

ஜெர்மனியிலும் இதே கதைதான். ராணுவ பேண்டுக்குக் கனமான கீழ்ச்சுருதி தேவைப்பட, 1835-ல் பெர்லினில் பாஸ் டியூபா பிறந்தது. அங்கே பேண்ட் மாஸ்டர் வீப்ரெக்ட் பெயரோடு, செய்து கொடுத்த மோரிட்ஸ் பெயரும் சரித்திரத்தில் சேர்ந்தே நிற்கிறது.

நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்கு 2022-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. நல்ல விஷயம். ஆனால் குறியீடு பெயரைத்தான் காக்கும், தொழிலாளியை அல்ல. பழைய வீடுகளை இடிக்கும்போது கிடைக்கும் ஆச்சா மரத்தைத் தேடி அலைகிற தொழில் இது. கச்சேரி அழைப்பிதழில் வித்வான் பெயருக்குக் கீழே, நாயனம் செய்தவர் பெயரையும் ஒரு வரி போடலாமே! மரியாதை உள்ள தொழிலுக்குத்தான் பிள்ளைகள் வருவார்கள்.