துண்டு விழுந்தது யார் வயிற்றில்?

அரசின் வரவுசெலவுத் திட்டத்தில் துண்டு விழுந்தால் நாடு வளராது என்று பொருளியல் வல்லுநர் சிலர் ஓயாது ஓதுகின்றனர். ஓதிவிட்டு அவர்கள் கைநீட்டிக் காட்டும் இடம் எது? ஏழையின் அரிசி, கட்டணமில்லாக் கல்வி, அரசு மருத்துவமனை! இலங்கை 2022இல் கடனால் வீழ்ந்தபோதும் இப்பல்லவியே பாடப்பட்டது. அந்நாட்டில் 1945 முதல் கட்டணமின்றிக் கல்வி தரப்பட்டு வருகிறது. எழுபத்தேழு ஆண்டுகள் வீழ்த்தாத பள்ளிக்கூடம் திடுமென ஒரே ஆண்டில் நாட்டை வீழ்த்திவிட்டதாம்!

உண்மை வேறு. 2019 நவம்பரில் கோத்தபய இராசபக்சே ஆட்சிக்கட்டில் ஏறினார். ஏறிய சில நாள்களிலேயே வரிக்குறைப்பு அறிவிப்பு வந்தது. மதிப்புக்கூட்டு வரி 15 விழுக்காட்டினின்று 8 ஆகத் திசம்பரில் இறங்கியது. ஆண்டுக்கு 1.2 கோடி உரூபா விற்றுமுதல் உடையோர் அவ்வரிக்குப் பதிந்துகொள்ளும் நிலை மாறி, 30 கோடி வரை விற்போர்க்கும் விலக்குக் கிடைத்தது. இது ஏழைக்குத் தந்த சலுகையா? நாட்டின் மொத்த விளைவாக்கத்தில் ஏறத்தாழ 12 விழுக்காடாக இருந்த அரசு வருவாய் 2021இல் 8 விழுக்காட்டளவிற்குச் சுருங்கியது. அவ்வாண்டின் பற்றாக்குறையோ 11 விழுக்காட்டையும் தாண்டிற்று. கொரோனாத் தொற்றின்மேல் பழிபோட்டுத் தப்புவோர் உளர். தொற்று எல்லா நாட்டிற்குந்தான் வந்தது. தன் வருவாயைத் தானே அறுத்துக்கொண்டு அதன்முன் நின்றது இலங்கை அரசு.

துண்டு விழுதல் தன்னளவில் தீதன்று. கடன் வாங்கிக் கிணறு வெட்டுகிறான் ஓர் உழவன். கடன் வாங்கி வாணம் விடுகிறான் இன்னொருவன். இருவர் கணக்கிலும் பற்றாக்குறை ஒன்றே. வளரும் நாடொன்று மின்னாற்றலுக்கும் பாசனத்திற்கும் கல்விக்கும் கடன்படுவது முதலீடு. இலங்கை எதற்குக் கடன்பட்டது? சீனக் கடனில் எழுந்து 2013இல் திறக்கப்பட்ட மத்தள வானூர்தி நிலையம் தன் நடைமுறைச் செலவிற்கே வருவாய் ஈட்டவில்லை. 2009இல் போர் முடிந்த பின்னும் படைச்செலவு பெருஞ்செலவுகளுள் ஒன்றாகவே நின்றது. யாரோடு போரிட அப்படை?

இன்னொரு கேடும் சேர்ந்தது. 2007 முதல் டாலர்ப் பிணைமுறிகளை வெளிநாட்டுச் சந்தையில் விற்றுக் கடன் திரட்டினர். உரூபாக் கடனென்றால் நடுவண் வைப்பகம் தாள் அடித்துத் தரும். அப்படியே அடித்துத் தரவும் செய்தது. டாலரை எந்த அச்சுக்கூடத்தில் அடிப்பது? 2022 ஏப்பிரல் 12இல் வெளிக்கடனைக் கட்டவியலாது என்று அரசே அறிவித்தது. 200 உரூபா அளவிலிருந்த டாலர் சில கிழமைகளுள் 360ஐ எட்டியது. செபுதம்பரில் கொழும்பு விலையேற்றம் ஏறத்தாழ 70 விழுக்காடு. உணவுப் பொருளுக்கு 90இற்கும் மேல்.

அந்த டாலரை ஈட்டித் தந்தவர்களுள் மலையகத் தமிழர் முன்னிற்பவர். தேயிலை அவர்கள் கைப்பட்டுத்தான் கப்பலேறுகிறது. நெடுங்காலம் போராடி 2021 மார்ச்சில்தான் நாட்கூலி 1,000 உரூபாவை அவர்கள் எட்டினர். அடுத்த ஆண்டே விலையேற்றம் அதில் பாதியை விழுங்கிற்று. வரிச்சலுகையால் அவர்களுக்கு ஒரு காசும் வரவில்லை. அச்சலுகையின் விலையை மட்டும் அவர்கள் வீட்டு மாவுப்பானை கொடுத்தது. இதையும் 'பற்றாக்குறை வளர்ச்சியைப் பாதித்தது' என்று ஒரு வரியில் எழுதிக் கடந்துவிடுகிறார்கள், நூலறிவுடையோர்.

2023 மார்ச்சில் பன்னாட்டுப் பணநிதியம் ஏறத்தாழ 300 கோடி டாலர் கடனுக்கு இசைந்தது. பின்னர் உள்நாட்டுக் கடனைச் சீரமைக்கப் புறப்பட்டனர். வைப்பகங்கள் கையிலிருந்த உரூபாப் பிணைமுறிகளைத் தொடவில்லை. உழைப்பாளரின் முதுமைக்கெனச் சேர்ந்த ஊழியர் சேமலாப நிதியின் பிணைமுறிகளையே குறைந்த வட்டிக்கு நெடுநாள் முறிகளாக மாற்றினர். மாற மறுத்தால் அந்நிதியின் வருவாய்க்கு 30 விழுக்காடு வரி என்று அச்சுறுத்தலும் உடன் வந்தது. 2024 சனவரியில் மதிப்புக்கூட்டு வரி 18 விழுக்காடாக ஏறியது. செல்வர்க்கு இறங்கிய வரி, எல்லார்க்குமாக ஏறி வந்தது!

2023 நவம்பர் 14இல் இலங்கை உச்சநயன்மன்றம் கோத்தபய, மகிந்த, பசில் ஆகிய உடன்பிறந்தார் மூவரும் பிற அலுவலர் சிலரும் பொதுமக்கள் நம்பிக்கையைச் சிதைத்தனர் என்று தீர்ப்பளித்தது. வழக்கிட்டவர்க்கு வழக்குச் செலவு கிடைத்தது. தோட்ட வரிசைவீடுகளில் அவ்வாண்டு ஒருவேளைச் சோற்றைக் குறைத்துக்கொண்டவர்க்கு இழப்பீடென எதுவும் இல்லை.