எண்சாண் உடம்பும் எழுதிக் கொடுக்கும் கணக்கும்

எண்சாண் உடம்பிற்குச் சிரசே பிரதானம் என்பது நம் நாட்டு வழக்கு. சாண் என்பது அவரவர் கைச்சாண். நெட்டையராயினும் குட்டையராயினும் தத்தம் கையால் அளந்து பார்த்தால் ஏறத்தாழ எட்டுச் சாணே வரும். தன் கையால் தன்னை அளப்பவன் எவனும் குறைந்து போவதில்லை என்னும் நயமான ஆறுதல் இவ்வழக்கில் பொதிந்துள்ளது. ஆனால் கல்லூரிப் படிவமும், மருத்துவமனைச் சீட்டும், காவலர் தேர்வும் கைச்சாணை ஏற்பதில்லை. அவை சென்டிமீட்டரும் கிலோகிராமும் கேட்கின்றன. நம் இளைஞர்களும் தயங்காமல் எழுதிக் கொடுக்கின்றனர். அவ்வாறு எழுதப்படுவது எந்த அளவிற்கு மெய் என்பதை ஆராய்ந்து பார்க்க வேண்டிய கட்டாயம் எனக்கு ஒரு மாணவரால் நேர்ந்தது.

சில ஆண்டுகளுக்கு முன் எம் துறையில் பயின்ற அவர் இரண்டாம் நிலைக் காவலர் பணிக்கு முயன்றார். விடியற்காலையில் எழுந்து பாளையங்கோட்டை வ.உ.சி. மைதானத்தில் ஓடுவார், பகலில் நூலகத்தில் பொது அறிவு நூல்களோடு அமர்ந்திருப்பார். எழுத்துத் தேர்விலும் வென்றார். அடுத்தது உடற்கூறு அளத்தல். பொதுப் பிரிவினர், பிற்படுத்தப்பட்டோர், பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்கள், மிகவும் பிற்படுத்தப்பட்டோர் ஆகிய பிரிவுகளின் ஆடவர்க்குக் குறைந்த அளவு உயரம் 170 சென்டிமீட்டர். தாம் 170.7 என்று அவர் உறுதியாக நம்பியிருந்தார். அளவுகோலோ 167.6 என்றது. அன்று மாலையே வீடு திரும்பிவிட்டார்.

பின்னொரு நாள் என்னைக் காண வந்தபோது, அந்த 170.7 எங்கிருந்து வந்தது என்று வினவினேன். பள்ளி நாளில் யாரோ அளந்து ஐந்தடி ஆறங்குலம் என்று சொன்னார்களாம். அதை 5.6 என்று குறித்துக்கொண்டு, கைப்பேசியில் 30.48ஆல் பெருக்கியிருக்கிறார். ஐந்தடி ஆறங்குலம் 5.6 அடி அன்று. ஓரடிக்குப் பன்னிரண்டு அங்குலம் ஆதலின் அது 5.5 அடியே. ஒரு புள்ளி செய்த பிழை அவருக்கு மூன்று சென்டிமீட்டரை அருளியது. ஓராண்டு உழைப்பை வாங்கிக்கொண்டது. இதில் அவர் சொன்ன பொய் எது? அத்தனை ஆண்டுகளில் அவரை ஒருவரும் சுவரோரம் நிறுத்தி அளக்கவில்லை. படிவந்தோறும் கேட்டோம்; அவர் எழுதினார்; நாங்கள் வாங்கிக் கோப்பில் இட்டோம். ஆசிரியன் என்ற முறையில் அக்கோப்புகளில் என் கையொப்பமும் உண்டு.

இது நெல்லைச் சீமைக்கு மட்டும் உரிய குறையன்று. 2007ஆம் ஆண்டில் கனடா நாட்டு ஆய்வாளர்கள் 64 ஆய்வுகளை ஒருங்கே திரட்டி நோக்கினர். மக்கள் தாமே சொன்ன அளவையும் கருவி காட்டிய அளவையும் ஒப்பிட்ட ஆய்வுகள் அவை. பொதுவாக உயரத்தைக் கூட்டியும் எடையைக் குறைத்தும் சொல்லும் போக்கே அவற்றில் தென்பட்டது. திருக்குர்ஆனின் 83ஆம் அத்தியாயம் அளவில் மோசம் செய்வோரின் பெயரையே தாங்கி நிற்கிறது என்பதை நாம் அறிவோம். கொள்ளும்போது நிறைவாகவும் கொடுக்கும்போது குறைவாகவும் அளக்கும் வணிகரை அது கண்டிக்கிறது. உயரத்தை நிறைவாகக் கொண்டு எடையைக் குறைவாகக் கொடுக்கும் நம் இளையோரை எண்ணுங்கால் அவ்வணிகர்தாம் நினைவிற்கு வருகின்றனர். ஒப்புமை சற்றுக் கடுமையானதே. அவ்வணிகர் பிறரை ஏய்த்தனர். நம் பிள்ளைகள் ஏய்த்துக்கொள்வது தம்மையே.

எப்படியெனில், ஒருவரது எடையைக் கிலோகிராமில் கொண்டு, மீட்டரில் கணக்கிட்ட உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வருவது உடல் நிறைக் குறியெண். பெல்ஜியம் நாட்டுக் கணித அறிஞர் கெத்தலே 19ஆம் நூற்றாண்டில் கண்ட கணக்கு இது. இக்குறியெண் 23ஐத் தாண்டினாலே நீரிழிவு முதலிய நோய்களுக்கு விழிப்பாக இருத்தல் வேண்டும் என்பது நம்மைப் போன்ற ஆசிய மக்களுக்கு வல்லுநர் வகுத்த எல்லை. 165 சென்டிமீட்டர் உயரமும் 64 கிலோ எடையும் உள்ள ஒருவருக்குக் குறியெண் 23.5. அவரே 168 என்றும் 62 என்றும் எழுதினால் 22.0 ஆகிவிடும். மூன்று சென்டிமீட்டரும் இரண்டு கிலோவும் பெரிய பொய்கள் அல்ல. ஆயினும் எச்சரிக்கை பெற வேண்டியவர் நலமுடையோர் வரிசையில் போய் அமர்ந்துகொள்கிறார். வர்க்கத்தால் வகுப்பதால் உயரத்தில் நேரும் பிழை இரட்டிப்பாய் வேலை செய்கிறது.

தேசியக் குடும்பநல ஆய்வினர் வீடு வீடாகக் கருவியைச் சுமந்து சென்று அளப்பதன் காரணமும் இதுவே. 2019-21இல் அவர்கள் அளந்தபோது தமிழ்நாட்டுப் பெண்களில் நூற்றுக்கு 40 பேரும் ஆண்களில் 37 பேரும் மிகை எடையினராகக் காணப்பட்டனர். வாயால் கேட்டு எழுதியிருந்தால் இத்தொகை இறங்கியிருக்கும் என்பதில் எனக்கு ஐயமில்லை.

நம் சமுதாயப் பெரியோர் சிலர், 'பிள்ளைகள் பொய் பழகிவிட்டார்கள்' என்று எளிதாக முடித்துவிடுகின்றனர். வேண்டுமென்றே செய்வோரும் உளர், மறுப்பதற்கில்லை. 2022 டிசம்பரில் தெலங்கானத்தின் மகபூப்நகரில் காவலர் தேர்விற்கு வந்த இளம்பெண் ஒருவர் கூந்தலுக்கடியில் மெழுகு போன்ற பசையை வைத்து உயரம் கூட்ட முயன்று பிடிபட்டார். திருமணத்திற்காக எழுதப்படும் விவரக்குறிப்புகளில் மாப்பிள்ளைமார் திடீரென வளர்வதையும் நாம் காண்கிறோம். அதை எழுதித் தருவோர் பெரும்பாலும் பெரியோரே என்பதையும் அடக்கத்தோடு நினைவூட்டுகிறேன். ஆனால் பெரும்பான்மையோரின் நிலை வேறு. ஒரு பகுதி அறியாமை. மற்றொரு பகுதி நாணம். பிள்ளைப் பருவத்தில் நான் பயின்ற இடத்தில் எடை பார்க்கும் நாளன்று ஒவ்வொருவர் எடையையும் உரக்கக் கூவுவர். வகுப்பே சிரிக்கும். பருமனான பிள்ளைக்கும் சிரிப்பு. எலும்பும் தோலுமான பிள்ளைக்கும் சிரிப்பு. பின்னவரில் ஒருவன் நான். ஆகவே நெடுங்காலம் படிவங்களில் ஐந்து கிலோ கூட்டியே எழுதி வந்தேன். எடையைக் கூட்டி எழுதும் கூட்டமும் ஒன்று உண்டு என்பதற்கு நானே சான்று.

மேலப்பாளையத்தில் என் சட்டை தைக்கும் முதியவர் ஒருவர். முப்பது ஆண்டுப் பழக்கம். 'போன அளவே இருக்கட்டும் மாமா' என்றால் கேட்கமாட்டார். 'வாப்பா, இங்கிட்டு வந்து நில்லுங்க' என்று நாடாவை எடுப்பார். அளந்த எண்ணை வாய்விட்டுச் சொல்லாமல் தாமே குறித்துக்கொள்வார். இடுப்பு இரண்டங்குலம் பெருத்திருந்தால் அச்செய்தி அவருக்கும் எனக்கும் அந்தக் கத்தரிக்கோலுக்கும் மட்டுமே தெரியும்.

நம் கல்லூரிகள் அவரிடம் கற்கலாம். சேர்க்கைப் படிவத்திலுள்ள உயரம், எடை என்னும் இரு கட்டங்களையும் மாணவர் நிரப்பலாகாது. ஓர் அறை, ஒரு திரை, ஓர் எடைப்பொறி, சுவரில் பொருத்திய ஓர் அளவுகோல் போதும். மாணவியர்க்கு ஓர் ஆசிரியை அளக்கட்டும். காலணி கழற்றி, குதிகால் சுவரில் பட நிறுத்தி, அடியும் அங்குலமும் இன்றிச் சென்டிமீட்டரிலேயே குறித்து, சீட்டை மடித்து அவரவர் கையில் கொடுத்தல் வேண்டும். ஆண்டுதோறும் இது நிகழ வேண்டும். இம்மலரின் அட்டையை வண்ணத்தில் அச்சிட ஆகும் தொகையே இதற்குத் தாராளம் என்று மலர்க்குழுவில் இருக்கும் நானே சொல்கிறேன். வரும் சேர்க்கைக்கு முன் இதனை ஆட்சிக்குழுவின் பார்வைக்கு விண்ணப்பமாக வைக்கவும் எண்ணியுள்ளேன். அந்தப் பழைய மாணவர் இப்பொழுது பேட்டையில் ஒரு தனியார் நிறுவனத்தில் பணிபுரிகிறார். அளவுகோல் வாங்கும் நாளில் சொல்லியனுப்புமாறு கேட்டிருக்கிறார்.